மெழுகுக் கட்டி

நாடி பிடிக்கும் வைத்தியரையும், கத்தி எடுக்கும் டாக்டரையும், ஊசி போடும் நர்ஸம்மாவையும் நோயாளி அறிவார். அவர்களுடைய முகங்கள் ஆயுள் முழுவதும் அவர் ஞாபகத்தில் நிற்கும். ஆனால் அவருடைய உடம்பிலிருந்து எடுத்த சதையை ஃபார்மலினில் ஊறவைத்து, ஆல்கஹாலில் நீரை வாங்கி, சைலீனில் தெளியவைத்து, உருக்கிய பாரஃபின் மெழுகில் புதைத்து, ஒரு மில்லிமீட்டரில் 250-இல் ஒரு பங்கு கனமுள்ள ஏடுகளாகச் சீவி, வெந்நீரில் மிதக்கவிட்டுக் கண்ணாடியில் ஏந்தி, சாயமேற்றி, நோய்க்குறியியல் டாக்டரின் மைக்ராஸ்கோப்பின் அடியில் கொண்டுபோய் வைக்கிறவனை அவர் ஒருநாளும் காண்பதில்லை. அந்தக் காரியத்தை 34 வருஷம் செய்தவன் நான். 1986-இல் சென்னையில் ஓர் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்து, 2020-இல் ஓய்வு பெற்று, பிறந்த ஊராகிய முசரவாக்கத்துக்கே திரும்பி வந்தேன்.

வந்த நாள் முதலாக, எங்கள் ஊரிலிருந்தும், சுற்றுவட்டாரத்துக் கிராமங்களிலிருந்தும், காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்து நெசவாளர் தெருக்களிலிருந்துங்கூட, மஞ்சள் பையில் காகிதங்களைச் சுருட்டி வைத்துக்கொண்டு ஜனங்கள் என்னைத் தேடி வருகிறார்கள். அவர்கள் கேட்பது ஒரே கேள்விதான்: சதை டெஸ்டில் இப்படி வந்துவிட்டது, இனி எந்த ஆஸ்பத்திரிக்குப் போகலாம், எந்த டாக்டர் கைராசிக்காரர்? அதற்கு நான் முதலில் திருப்பிக் கேட்பதும் ஒரே கேள்விதான்: "பிளாக் எங்கே இருக்கிறது?" பெரும்பாலோர் விழிப்பார்கள். தீப்பெட்டியைவிடச் சற்றே சிறிய பிளாஸ்டிக் சட்டத்தில், வெள்ளை மெழுகுக்குள் தங்கள் உடம்பின் ஒரு துண்டு எங்கோ ஓர் அலமாரியில் எண்ணிட்டு வைக்கப்பட்டிருக்கிறது என்பதும், அது பல வருஷம் கெடாமல் இருக்கும் என்பதும், நோயின் பெயரும் மருந்தின் பெயரும் அதற்குள்ளிருந்தே வரவேண்டும் என்பதும் அவர்களுக்கு ஒருவரும் சொல்லாத செய்திகள். இந்த மெழுகுக் கட்டியின் அருமையை எனக்கு முழுவதும் உணர்த்தியது, நான் வேலையில் இருந்த காலத்தில் எங்கள் தெருவிலேயே ஒருவருக்கு வந்த மெலனோமா என்னும் வியாதி.

மெலனோமா என்பது, தோலுக்கு நிறம் கொடுக்கும் மெலனின் என்ற கருமையை உண்டாக்கும் உயிரணுக்களில் பிறக்கும் புற்று. வெண்ணிறத் தோல் உள்ள தேசத்தாருக்கு வெயிலின் புற ஊதாக் கதிர் இதற்குப் பிரதான காரணம். ஆகையால் அங்கே முதுகிலும் தோளிலும் காலின் வெளிப்புறத்திலும் அது தோன்றும். நமக்கோ அது வருஷத்துக்கு லட்சம் பேரில் ஒருவருக்கும் குறைவாக வரும் அபூர்வ வியாதி. வந்தாலும், வெயில் படாத உள்ளங்காலிலும், உள்ளங்கையிலும், நகத்துக்கு அடியிலும், வாய், மூக்கு, ஆசனவாய் ஆகியவற்றின் உட்தோலிலும், கண்ணுக்குள்ளும் மறைந்து வருகிறது. அபூர்வமாக இருப்பதே இதன் பேராபத்து. காச நோயையும் சர்க்கரை நோயையும் தினந்தோறும் பார்க்கிற ஒரு நல்ல டாக்டர், தம் ஆயுளில் நாலைந்து மெலனோமாவைக்கூடப் பார்க்காமல் ஓய்வு பெற்றுவிடலாம்.

எங்கள் தெருவில் அந்த நோய் வந்தவர், நான் பெரியப்பா என்று அழைத்து வந்தவர்; உறவினால் அல்ல, தெரு வழக்கத்தால் பெரியப்பா. 40 வருஷத்துக்கு மேல் குழித்தறியில் உட்கார்ந்து, வெறுங்காலால் மிதிகட்டையை மாற்றி மாற்றி மிதித்துப் பட்டு நெய்தவர். அவருடைய இடது குதிகாலில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு கருப்பு தோன்றியபோது அதைக் கால் ஆணி என்றார்கள். மிதிகட்டையில் உரசும் காலில் ஆணி வருவது நெசவாளர் குடும்பங்களில் புதிதல்லவாகையால் அவரும் அப்படியே நம்பினார். ஒரு சிறிய மருத்துவமனையில் அதை அறுத்து எடுத்துக் கட்டுப் போட்டு அனுப்பினார்கள். அறுத்த சதை குப்பைக் கூடைக்குப் போயிற்று. அன்று அது ஒரு சீசா ஃபார்மலினில் விழுந்திருக்குமானால், அவர் கதையை நான் வேறு விதமாக எழுதிக்கொண்டிருப்பேன். உலகப் புகழ் பெற்ற பாடகர் பாப் மார்லிக்கும் கால் கட்டைவிரலில் வந்தது இந்த வகை மெலனோமாதான். கால்பந்தாட்டத்தில் பட்ட அடி என்று நினைக்கப்பட்ட அந்தப் புண், 1977-இல் இன்னதென்று தெரிய வந்து, 1981-இல் அவருடைய முப்பத்தாறாவது வயதில் உயிரை வாங்கிற்று. தறி மிதித்ததால்தான் பெரியப்பாவுக்கு இந்த நோய் வந்தது என்று நான் சொல்லத் துணியமாட்டேன். தறி மிதித்த கால் என்பதால்தான் நோயை ஆணி என்று எல்லாரும் எண்ணினோம் என்பதை மட்டும் நிச்சயமாகச் சொல்வேன்.

2015-இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் ஊருக்கு வந்திருந்தபோது அவர் திண்ணையில் வந்து உட்கார்ந்தார். "தம்பி, தொடையிடுக்கில் நெறி கட்டி மூணு மாசமாவுது. காலில் முள்ளு தைச்ச ஞாபகங்கூட இல்லை" என்றார். "பெரியப்பா, அந்த ஆணி எடுத்த காலைக் காட்டுங்க" என்றேன். குதிகாலைத் தூக்கித் திண்ணைமேல் வைத்தார். பழைய தழும்பின் ஓரத்திலிருந்து, நனைந்த காகிதத்தில் மை பரவுவதுபோல, ஒழுங்கற்ற விளிம்போடு கருமை பரவியிருந்தது. நான் பேசாமல் இருந்ததைக் கண்டு அவரும் பேசாமல் இருந்தார்.

தொடையிடுக்கில் இருந்த நெறிக்கட்டிலிருந்து எடுத்த சதை எங்கள் ஆய்வுக்கூடத்துக்கே வந்தது. அதை என் கையாலேயே மெழுகில் பதித்தேன். மற்றச் சதைகளெல்லாம் மெழுகுக்குள் வெளிறிய பழுப்பாகத் தெரியும்; இது நிலக்கரித் துண்டு போல் இருந்தது. ஏடு சீவும் மைக்ரோடோமில் பூட்டிச் சக்கரத்தைச் சுற்றியபோது, கத்தியின் விளிம்பில் நாடா போல் எழுந்த ஏடுகள் ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு கரும்புள்ளி இருந்தது. அதைக் கண்ணாடியில் ஏந்திப் பார்த்தால், உயிரணுக்களின் உட்கருவே தெரியாதபடி கருமை மூடியிருந்தது. அத்தகைய ஏட்டைப் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டிலும் ஆக்ஸாலிக் அமிலத்திலும் போட்டு வெளுத்த பிறகே சாயமேற்ற வேண்டும். இது மெலனோமாதானா என்று உறுதிப்படுத்த எஸ்-100, எச்.எம்.பி.-45, மெலன்-ஏ என்னும் சோதனைகளைச் செய்வோம். அவற்றில் வழக்கமாகத் தோன்றும் பழுப்பு நிறம், மெலனினுடைய பழுப்போடு கலந்து கண்ணை ஏமாற்றிவிடும் என்பதால், இந்த நோய்க்கு மட்டும் சிவப்பு நிறம் தரும் சாயத்தை எடுப்பது எங்கள் தொழிலில் அனுபவமுள்ளவர்கள் அறிந்த முறை. எந்த ஆய்வுக்கூடம் இதையெல்லாம் கேட்காமலே செய்கிறதோ, அங்கே மெலனோமாவைப் பார்த்துப் பழகிய கண் ஒன்று இருக்கிறது என்று கொள்ளலாம். நிபுணரைத் தேடுவதில் முதற்படி அந்தக் கண்ணைத் தேடுவதே.

நோயின் பெயர் நிச்சயமாயிற்று. நுரையீரலிலும் சிறு சிறு கட்டிகள் இருப்பதை ஸ்கேன் காட்டியதால், மரபணுப் பரிசோதனைக்கு எழுதினார்கள். அதன் காரணத்தைச் சிறிது விரித்துச் சொல்ல வேண்டும். 2002-இல் இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜுக்கு அருகிலுள்ள சாங்கர் நிலையத்து விஞ்ஞானிகள், மெலனோமாக் கட்டிகள் பலவற்றில் பி-ராஃப் என்னும் மரபணு மாறியிருப்பதைக் கண்டார்கள். வளர்ச்சிக் கட்டளையை உயிரணுவுக்குள் கைமாற்றிக் கொடுக்கும் புரதத்தை உண்டாக்கும் மரபணு அது. அந்தப் புரதத்தின் வரிசையில் 600-ஆவது இடத்தில் வேலின் என்ற அமினோ அமிலம் இருக்க வேண்டியதற்குப் பதிலாகக் குளுட்டாமிக் அமிலம் வந்து உட்கார்ந்துவிட்டால், கட்டளை வராமலே உயிரணு ஓயாமல் பெருகத் தொடங்குகிறது. டி.என்.ஏ.யில் ஒரே ஓர் எழுத்து மாறியதன் விளைவு இவ்வளவும். அந்த மாறிய புரதத்தை மட்டும் அடக்கும் வெமுராஃபெனிப் என்ற மாத்திரை 2011-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மாற்றம் இல்லாதவருக்கு அதே மாத்திரையைக் கொடுத்தால் பயனில்லாமல் போவதோடு, கட்டி தூண்டப்படவும் கூடும். ஆதலால் பரிசோதனை இல்லாமல் மருந்து இல்லை.

பெரியப்பாவின் கட்டியில் பி-ராஃப் மாறவில்லை என்று ரிப்போர்ட் வந்தது. அதைப் பார்த்த ஓரிடத்தில், இனிச் செய்வதற்கு ஒன்றும் இல்லை என்று கூறி அனுப்பிவிட்டார்கள். அந்த வார்த்தையை வீட்டார் வேதவாக்காக எடுத்துக்கொண்டு அழத் தொடங்கினார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. வெயிலால் வரும் மெலனோமாவில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு பி-ராஃப் மாறியிருக்கும். உள்ளங்காலில் வருவதில் அது மிகவும் குறைவு. ஆனால் உள்ளங்கால், உள்ளங்கை, உட்தோல் ஆகியவற்றில் பிறப்பவற்றுள் ஒரு பகுதியில் கிட் என்ற வேறொரு மரபணு மாறியிருப்பதை 2006-இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் வெளியிட்டிருந்தார்கள். கிட் மாறியிருக்கிறதா என்று யாரும் கேட்கவே இல்லை. கேட்காத கேள்விக்குப் பதில் இல்லையென்பதை, நோய்க்கே மருந்து இல்லையென்று நாங்கள் எடுத்துக்கொண்டிருந்தோம்.

பெரியப்பாவால் அப்போது நெடுந்தூரப் பிரயாணம் செய்ய முடியாது, செய்யவும் தேவைப்படவில்லை. அலமாரியிலிருந்து பிளாக்கை எடுத்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு, பஞ்சில் பொதிந்து அவருடைய மகனிடம் கொடுத்தோம். அவன் அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, மெலனோமாவை அடிக்கடி பார்க்கும் நிபுணர் ஒருவரிடம் சென்றான். அவர் ரிப்போர்ட்டைப் படித்துவிட்டுக் கிட், என்-ராஸ் என்ற மரபணுக்கள் இரண்டையும் பார்க்கும்படி எழுதினார். அந்த வேலையிலும் ஓர் இடையூறு உண்டு. டி.என்.ஏ.யைப் பெருக்கும் பி.சி.ஆர். முறையை மெலனின் முடக்கிவிடும். கட்டி எவ்வளவு கறுப்போ அவ்வளவு தொல்லை. முதல் தடவை விளைவே வரவில்லை. மறுபடியும் பத்து ஏடுகள் சீவி, டாக்டர் மைக்ராஸ்கோப்பில் பார்த்து மசியால் வட்டமிட்டுக் கொடுத்த இடத்தில் மட்டும், கருமை குறைந்த ஓரமாகப் பார்த்து பிளேடால் சுரண்டிச் சிறு குழாயில் சேர்த்தேன். டி.என்.ஏ.யை இருமுறை சுத்தம் செய்தார்கள். பத்து நாள் கழித்து விடை வந்தது: கிட் மாறியிருக்கிறது.

இந்த இடத்தில் நம் மொழியிலுள்ள ஒரு வார்த்தை விளைத்த சங்கடத்தைச் சொல்லியாக வேண்டும். மரபணு என்ற சொல்லுக்குள் மரபு என்ற சொல் இருக்கிறது. மரபு என்றால் வம்சம். ஆகையால் மரபணுவில் மாற்றம் என்று ரிப்போர்ட்டில் கண்டதும், வம்சத்திலேயே தோஷம் என்று வீட்டார் நடுங்கிப்போனார்கள். வரன் பார்த்துக்கொண்டிருந்த பேத்தியின் ஜாதகத்தைத் திருப்பி வாங்கிக்கொள்ளலாமா என்றுகூடப் பேச்சு எழுந்தது. அவருடைய மருமகள் என்னைத் தனியே அழைத்து, "மாமா, இது எங்க பொண்ணுக்கும் வருமா? உண்மையைச் சொல்லுங்க" என்று கேட்டாள். அவளை உட்காரவைத்து நான் சொன்னேன்: "அம்மா, இந்த மாற்றம் அவர் பிறக்கும்போது வந்ததல்ல, குதிகாலில் இருந்த ஓர் உயிரணுவில், அவர் வளர்ந்து பெரியவரான பிறகு நேர்ந்தது. அந்தக் கட்டிக்குள் மட்டும் இருக்கிறது. அவருடைய ரத்தத்தின் வழியாகப் பிள்ளைக்கோ பேத்திக்கோ போகாது." பரம்பரையாக வரும் மெலனோமாவும் உலகில் உண்டு. ஒரே குடும்பத்தில் பலருக்கு வருமானால், சி.டி.கே.என்.2ஏ போன்ற மரபணுக்களை ரத்தத்திலோ எச்சிலிலோ பார்ப்பார்கள். அது வேறு பரிசோதனை. அதற்கு முன்பும் பின்பும் மரபியல் ஆலோசகரோடு பேச வேண்டும். கட்டியைப் பார்க்கும் பரிசோதனையும் குலத்தைப் பார்க்கும் பரிசோதனையும் வெவ்வேறு என்று ஐந்து நிமிஷம் செலவிட்டு எடுத்துச் சொல்லாத குற்றத்தினால் எத்தனை வீடுகளில் வீண் திகில் குடிபுகுந்ததோ, நினைத்தால் மனம் நோகிறது.

கிட் மாறியவருக்கு இமாட்டினிப் என்ற மாத்திரை உண்டு. அது முதலில் ரத்தப் புற்று ஒன்றுக்காக 2001-இல் வந்தது. மிக விலையுயர்ந்ததாக இருந்தது. அதன் ஒரு வடிவத்துக்குக் காப்புரிமை கேட்ட நோவார்ட்டிஸ் கம்பெனியின் வழக்கை 2013-ஆம் வருஷம் ஏப்ரல் முதல் தேதி நம் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. இந்தியக் கம்பெனிகள் அதே மருந்தை மிகக் குறைந்த விலையில் தொடர்ந்து செய்ய வழி நிலைத்தது. அந்தத் தீர்ப்பின் நன்மை முசரவாக்கத்து நெசவாளர் வீடு ஒன்றின் மாடப்பிறை வரையில் வந்து சேர்ந்ததை நான் பிரத்தியட்சமாகக் கண்டேன். இமாட்டினிப் கிட் மாறிய எல்லாருக்கும் கேட்பதில்லை, சிலருக்கே கேட்கிறது, கேட்டவருக்கும் நிரந்தரமாக நிற்பதில்லை. பெரியப்பாவுக்குக் கேட்டது. நெறிக்கட்டு வற்றியது, மூச்சு எளிதாயிற்று. பதினோரு மாதம், காலையில் பால் சங்கத்துக்குத் தாமே நடந்துபோய்ப் பால் ஊற்றிவிட்டு வந்தார். அதன் பிறகு நோய் மறுபடியும் தலைதூக்கியது. உடம்பின் எதிர்ப்புச் சக்தியையே தூண்டிப் புற்றை அழிக்கும் புதிய ஊசிகள் 2011 முதலே மேல்நாட்டில் வரத் தொடங்கியிருந்தன. அவற்றுக்கு அடிகோலிய ஜேம்ஸ் அலிசனுக்கும் தசுக்கு ஹோஞ்ஜோவுக்கும் 2018-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் அந்த ஊசி அவர் கைக்கு எட்டும் நிலையில் அன்று இல்லை. அவர் தம் வீட்டிலேயே காலமானார்.

காஞ்சிபுரத்துக்காரர்களாகிய எங்களுக்குப் புற்றுநோய் என்றதும் நினைவு வருபவர் அறிஞர் அண்ணா. 1968-இல், முதலமைச்சராக இருந்தபோதே, சிகிச்சைக்காக நியூயார்க் வரையில் சென்று வந்தார். 1969 பிப்ரவரி 3-ஆம் தேதி அடையாறு புற்றுநோய் நிலையத்தில் உயிர் நீத்தார். அவர் நினைவாகக் காரப்பேட்டையில் எழுந்த அரசாங்கப் புற்றுநோய் மருத்துவமனை எங்கள் ஊருக்கு அதிக தூரத்தில் இல்லை. தம் சகோதரியை 1923-இல் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, 1954-இல் பன்னிரண்டு படுக்கைகளோடு தொடங்கிவைத்த அந்த அடையாறு நிலையம், டாக்டர் கிருஷ்ணமூர்த்தி, டாக்டர் சாந்தா ஆகியோரின் ஆயுட்கால உழைப்பினால் தேசம் முழுவதும் அறிந்த ஸ்தாபனமாயிற்று. அன்று நிபுணரைத் தேடி நோயாளி சமுத்திரம் தாண்ட வேண்டியிருந்தது. இன்று நோயாளி வீட்டில் இருக்க, மெழுகுக் கட்டி பிரயாணம் செய்தால் போதும். இந்தச் சௌகரியத்தை நம் ஜனங்கள் அறியாமல் இருப்பதுதான் எனக்குத் துக்கம்.

ஆகையால் என்னிடம் வருகிறவர்களுக்கு நான் எழுதிக் கொடுப்பது இதுதான். டாக்டரின் பெயர்ப் பலகையைப் பார்க்காதீர்கள். வருஷத்தில் எத்தனை மெலனோமா பார்க்கிறார் என்று மரியாதையோடு கேளுங்கள். நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ளமாட்டார். அறுவைச் சிகிச்சை நிபுணர், மருந்து நிபுணர், கதிரியக்க நிபுணர், நோய்க்குறியியல் டாக்டர் எல்லாரும் ஒரு மேஜையில் உட்கார்ந்து பேசி முடிவு செய்யும் டியூமர் போர்டு உள்ள இடமாகப் பாருங்கள். அடையாறு, வேலூர் சி.எம்.சி., புதுச்சேரி ஜிப்மர், மும்பை டாட்டா நினைவு மருத்துவமனை ஆகியவை நமக்குத் தெரிந்த பெரிய இடங்கள். 2012-இல் உருவான தேசியப் புற்றுநோய் வலையமைப்பு நாட்டின் பல மையங்களை ஒன்றோடொன்று இணைத்திருக்கிறது. மெலனோமா கண்ணுக்குள் வந்தால் அதில் மாறும் மரபணுக்களே வேறு, சிகிச்சையும் வேறு. சென்னை சங்கர நேத்ராலயா போன்ற கண் மருத்துவமனைக்கே செல்லுங்கள். சிகிச்சைக் குறிப்புகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பது 2002-ஆம் வருஷத்து மருத்துவக் கவுன்சில் விதி. அதனோடு ஸ்லைடையும் பிளாக்கையும் கையெழுத்திட்டுக் கேட்டு வாங்குங்கள்.

பெரியப்பா காலமான மறு வருஷம், அவர் வீட்டுக்கு எதிர்வீட்டில் நடவு வேலைக்குப் போகிற ஓர் அம்மாள், தம் உள்ளங்காலில் மிளகளவு கருப்பு ஒன்றைக் கண்டு, தாமாகவே என்னிடம் வந்து காட்டினார். இந்தத் தடவை அது குப்பைக் கூடைக்குப் போகவில்லை. முழு ஆழத்தோடு எடுத்து ஃபார்மலினில் அனுப்பினார்கள். மெலனோமாதான், ஆனால் ஆழம் 0.6 மில்லிமீட்டர். 1970-இல் அலெக்ஸாண்டர் பிரெஸ்லோ என்ற அமெரிக்க நோய்க்குறியியல் டாக்டர் காட்டிய வழியில், தோலின் மேலடுக்கிலிருந்து கட்டியின் அடி வரையில் அளக்கும் இந்த ஆழமே நோயாளியின் கதியைப் பெரும்பாலும் நிர்ணயிக்கிறது. சுற்றிலும் ஒரு சென்டிமீட்டர் நல்ல தோலோடு சேர்த்து வெட்டியெடுத்தார்கள். மரபணுப் பரிசோதனை அவருக்குத் தேவைப்படவில்லை, மாத்திரையும் தேவைப்படவில்லை. இன்றும் நாற்றுக்கட்டோடு எங்கள் வாசல் வழியாகத்தான் போகிறார். மரபணுவைப் படிக்கும் சாஸ்திரம் எவ்வளவு உயர்ந்ததானாலும், அது தேவைப்படாத காலத்திலேயே நோயைக் காண்பது அதைவிட உயர்ந்தது என்பதை அவர் காலைப் பார்க்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன்.

வாசகர்களை நான் வேண்டிக்கொள்வது இரண்டு காரியங்கள். இரவில் கால் கழுவும்போது உள்ளங்காலைத் திருப்பி ஒரு தடவை பாருங்கள். புதிதாக வந்த கருப்போ, பரவுகிற கருப்போ, நகத்தில் அகலமாகிற கருங்கோடோ இருந்தால், ஆணி என்றும் அடிபட்டது என்றும் நீங்களே தீர்மானிக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள். உடம்பிலிருந்து எதை அறுத்து எடுத்தாலும், அதைச் சதை டெஸ்டுக்கு அனுப்பினீர்களா என்று கேளுங்கள்; அனுப்பியிருந்தால், அந்த மெழுகுக் கட்டி எந்த ஆய்வுக்கூடத்தில் எந்த எண்ணில் இருக்கிறது என்பதை எழுதி, ரேஷன் கார்டு வைத்திருக்கும் இடத்தில் பத்திரமாக வையுங்கள்.